நம் தெருவில் வீடு வாங்கியிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? நம் தெருவின் நடுவில் வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்த அந்த மாடி வீட்டை நீங்கள் கிரயம் செய்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், இன்னொருவர் யாரோடும் பேசுவதில்லை; அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்குவது லேசான காரியமில்லை. வீடு இப்போது உங்களுடையது. எனக்கு அதில் எந்தப் பாத்தியதையும் கிடையாது. ஆனால் வீட்டைப் பிரித்து, மரத்தைத் தனியே விற்றுவிட்டு, அந்த இடத்தில் கடைகள் கட்டப்போகிறீர்கள் என்று தெருவில் பேச்சு. அதனால்தான் எழுதுகிறேன். நம் செட்டிநாட்டில், காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இதே யோசனையில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஒருநாள் வெயில் ஏறுமுன் தெருவின் தெற்குக் கோடியிலிருந்து வடக்கே நடந்து பாருங்கள். முதலில் வருவது தாழ்ந்த ஓட்டு வீடு. குனிந்துதான் திண்ணையில் ஏற வேண்டும். தூண்கள் ஒல்லி, வாசல் குறுகல். பர்மாப் பணம் வருமுன் நம் ஊர் வீடுகள் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிப் படுகை முழுவதும் நெல் வயலானது. காட்டைத் திருத்திப் பயிர் வைத்தவர்களுக்குக் கடன் கொடுக்க நம் செட்டியார்கள் கப்பல் ஏறினார்கள். அந்தக் கப்பல்கள் திரும்பி வரும்போது தேக்கு வந்தது.

இன்னும் நாலு வீடு நடந்தால் அது கண்ணுக்கே தெரியும். தூண் ஒவ்வொன்றும் ஒரு முழு மரம். நிலைக்கதவின் மேல் அடுக்கடுக்காகச் செதுக்கு வேலை. அப்புறம் மாடி எழும்புகிறது. கைப்பிடிச் சுவருக்கு மேலே சுதையில் கஜலட்சுமி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பக்கத்திலேயே தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிப்பாயும் சிறகு முளைத்த தேவதைகளும். உள்ளே இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, இங்கிலாந்திலிருந்து வந்த இரும்புத் தூண். உங்கள் வீடு இந்த வரிசையில் சற்றுப் பிந்தியது. மாடியின் வளைந்த மூலையையும் நேர்க்கோடாக ஓடும் சிமெண்டுப் பட்டைகளையும் வண்ணக் கண்ணாடியையும் பாருங்கள், அது 1930களின் பாணி. அன்றைக்குப் பம்பாயிலும் சிங்கப்பூரிலும் இப்படித்தான் கட்டினார்கள். பார்த்துவிட்டு வந்த செட்டியார் கொத்தனாரிடம் சொல்லிச் செய்யவைத்திருப்பார்.

உங்கள் வீட்டுக்கு வடக்கே அந்த வசதியில் ஒரு வீடுகூட இல்லை. 1942 மார்ச்சில் ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்தார்கள். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தவர்களில் எத்தனையோ பேர் ஊர் சேரவில்லை. சேர்ந்தவர்களுக்கும் அங்கே போட்ட பணம் பிறகு முழுதாகத் திரும்பவில்லை. காரைக்குடியில் எல்லோரும் படம் எடுக்கும் ஆயிரம் ஜன்னல் வீடு கட்டியது 1941இல். அந்த அலையின் கடைசி வீடுகளில் ஒன்று அது. அதற்குச் சில ஆண்டு மூத்தது உங்களுடையது. அதை எடுத்துவிட்டால் தெருவின் வரலாறு முடிகிற இடமே தெரியாமல் போகும்.

வெறும் பெருமை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 100க்கு 6 பங்கு. நெல் விலை வீழ்ந்து, கடன் அடைபடாமல், 1937இல் அது 25 பங்கானது. அந்த ஏழு ஆண்டில் நிலத்தை இழந்த பர்மா விவசாயியும் இந்தத் தூண்களுக்குப் பின்னால் இருக்கிறார். 1927இல் காந்தி கானாடுகாத்தானுக்கு வந்தபோது, இங்குள்ள வீடுகளில் குவிந்திருந்த வெளிநாட்டுச் சாமான்களைப் பார்த்து வருந்தி, அதை மேடையிலேயே சொல்லிவிட்டுப் போனார். நம் பிள்ளைகள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்லிக் காட்ட வீடு நின்றால்தானே முடியும்?

இனி நான் கேட்க வந்தது. இங்கே எந்த வீடும் தனியாகக் கட்டப்பட்டதல்ல, தெருவோடு சேர்த்துக் கட்டப்பட்டது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் நின்றால் முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் தெரிய வேண்டும் என்பது கணக்கு. காற்றும் அந்த வழியில்தான் ஓடும். மழை பெய்தால் கூரைத் தண்ணீர் வளவு முற்றத்தில் இறங்கி, அண்டாக்கள் நிரம்பியதுபோக மிச்சம் தெருக் கால்வாய்க்கு வந்து, அங்கிருந்து ஊரணிக்குப் போகும். ஒரு வீட்டின் தளமட்டத்தை மாற்றினால் பக்கத்து வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும். தெற்குக் கோடியில் கடை கட்டிய இடத்தில் இன்று அதுதான் நடக்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்ந்தபோதுகூட, தனி மாளிகை எதையும் எழுதவில்லை, ஊர்த்தொகுப்புகள் என்றே எழுதினார்கள்.

வீட்டுக்கு இரண்டு தெரு இருப்பது உங்களுக்கு வசதிதான். பின்கட்டும் அதற்குப் பின்னால் கிணற்றடியும் ஏற்கெனவே பாதி இடிந்து கிடக்கின்றன. கடைகளை அங்கே, பின்தெருவைப் பார்த்துக் கட்டுங்கள். அந்தத் தெருதான் அகலம்; லாரி வரும், வண்டி நிறுத்தலாம். முகப்பையும் முதல் வளவையும் மட்டும் விட்டுவையுங்கள். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம், தங்கும் இடமாக்கலாம். கானாடுகாத்தானில் விசாலமும் கோத்தமங்கலத்தில் சாரதா விலாசும் அப்படித்தான் விடுதிகளாக நடக்கின்றன. மரத்தை விற்றால் ஒரே தடவைதான் காசு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூணும் நிலையும் சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே போய்ச் சேர்ந்த தூண் எந்த வீட்டினது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

விட்டுவைப்பதாக முடிவு செய்தால், முதலில் ஓடு மாற்றுங்கள். இந்த வீடுகளை அழிப்பது வயது அல்ல, உடைந்த ஓட்டின் வழியே இறங்கும் தண்ணீர். கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றை வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். சுவரில் சிமெண்டு பூசவே வேண்டாம். உள்ளே இருப்பது சுண்ணாம்புக் கட்டு. அது ஈரத்தை வெளியே விட வேண்டும், சிமெண்டு விடாது. மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்தும் கை வைத்தால் இன்னும் வழுக்குகிறது. தரையில் பெயர்ந்த கற்களுக்குக் கவலை வேண்டாம். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் வண்ணம் ஊற்றி இன்றும் வார்க்கிறார்கள். பழைய பூவைக் காட்டினால் அதே பூவைப் போட்டுத் தருவார்கள்.

சரி, எல்லாம் கேட்ட பிறகும் இடிக்கத்தான் வேண்டும் என்றால், ஆளை இறக்குமுன் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். கட்டடக் கலை படிக்கும் பிள்ளைகள் சிலரைக் கூட்டி வருகிறேன். வீட்டை அளந்து, வரைந்து, படம் எடுத்து உங்களுக்கும் ஒரு பிரதி கொடுப்பார்கள். அவர்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் எங்கள் வீட்டில். நீங்கள் சாவி மட்டும் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
நாலு வீடு தள்ளி இருக்கும் ஆச்சி