படிப்பக இணைய இணைப்புப் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு முன் தொடங்கிய நம் படிப்பக வேலை ஒருவழியாக முடிந்தது. கீழ்த்தளத்து ஆறு கணினிகள், மாடி வாசிப்பறை, பின்கட்டடத்து அலுவலகம் எல்லாவற்றுக்கும் இப்போது இணையம் வருகிறது. வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். அதைப் பார்த்த பலரும் கேட்டது ஒன்றுதான்: "பெட்டிகளைவிட ஒயருக்கா அதிகச் செலவு?"

ஆமாம், தெரிந்தேதான் செய்தோம். இணையக் கருவிப் பெட்டி பழுதானால் மறுநாளே மாற்றிவிடலாம். சுவருக்குள் போன கேபிளை மாற்றக் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். அதனால் முழுச் செம்பில், கேட் 6 என்ற தர வகைக் கேபிள் என்று முடிவு செய்தோம். மலிவாகக் கிடைத்ததே என்று முதலில் வாங்கிய சுருள் தூக்கினால் லேசாக இருந்தது. எலக்ட்ரீஷியன் கம்பியைப் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு, உள்ளே வெள்ளையாக அலுமினியம். திருப்பிக் கொடுத்து வேறு வாங்க இரண்டு வாரம் போயிற்று.

எல்லாக் கேபிளையும் ஒன்றுசேர்க்கும் பெட்டியான சுவிட்சுக்கு எட்டு போர்ட் (கேபிள் செருகும் துளை) போதும் என்றுதான் நினைத்தோம். எண்ணிப் பார்த்தால் கணினி ஆறு, பிரிண்டர், ரவுட்டர், மாடி வைஃபை, பின்கட்டடம் என்று பத்து வந்தது. சரி, 16 போர்ட் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட் வேகம்) சுவிட்ச் வாங்கினோம். செட்டிங் எதுவும் தேவைப்படாத சாதாரண வகை. நமக்கு அது போதும்.

பின்கட்டடத்துக்குத்தான் குழுவில் பெரிய வாக்குவாதம். தூரம் 40 மீட்டர். செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், பிறகு ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) எதற்கு என்றார்கள். போன ஐப்பசியில் இடி இறங்கியபோது பழைய ஒயர் வழியாகவே இரண்டு கணினிகள் போனதை நினைவுபடுத்தினோம். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. உலோகக் கம்பி சேராத ஃபைபர் போட்டு, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (மின் சைகையை ஒளியாகவும் ஒளியை மின் சைகையாகவும் மாற்றும் பெட்டி) வைத்தாயிற்று.

எங்கள் தவறு ஒன்றும் உண்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று ரவுட்டரை இரும்புப் பீரோவில் பூட்டினோம். வைஃபை வாசலைக்கூடத் தாண்டவில்லை. இப்போது சுவரில் உயரமாக மாட்டியிருக்கிறது. அப்புறம், மூன்றாம் கணினி மட்டும் 100 மெகாபிட்டிலேயே நின்றது. கிகாபிட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் சேர வேண்டும்; பிளக்கில் ஒன்று சேரவில்லை. மறுபடி கிரிம்ப் செய்ததும் (பிளக்கைக் கம்பிகளோடு அழுத்திப் பொருத்தியதும்) சரியானது.

எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற வரைபடம் சுவிட்ச் பெட்டியின் கதவில் உள்ளது. சுவரில் ஆணி அடிக்கும் முன் தயவுசெய்து அதைப் பாருங்கள்.

இப்படிக்கு,
பணிக் குழு