பள்ளித் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் போர்வெல் தண்ணீரைத்தான் பிள்ளைகள் பாட்டிலில் பிடித்துக் குடிக்கிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு என்ற உப்பு இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் அது இந்த அளவை மீறுகிறது. அதனால் பழுப்புக் கறை படிந்த பற்களை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொதித்தால் கிருமிதான் சாகும், ஃபுளோரைடு போகாது. பள்ளித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிய தேதிகூட அழிந்து கிடக்கிறது.

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் இந்தத் தண்ணீரைச் சோதித்து, முடிவைப் பள்ளிச் சுவரில் எல்லோரும் பார்க்க எழுதிவைக்க வேண்டும். அதுவரை, காவிரித் தண்ணீர் வராத நாட்களில் லாரியிலாவது அனுப்புங்கள்.

- ஒரு மாணவியின் தாய், பென்னாகரம் வட்டம்