தம்பி, அந்தப் பெட்டிகளை இனியாவது திற

அன்புள்ள தம்பி,

போன சனிக்கிழமை தேசிய சேவை முகாமிலிருந்து வந்தபோது, "பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்க யாராவது காசு கொடுத்து வகுப்புக்குப் போவாங்களா அக்கா? யூடியூப்லதான் எல்லாம் இருக்கே" என்று சிரித்தாய். சாப்பாட்டு மேசையில் பதில் சொன்னால் சித்தி நடுவில் புகுந்து உன் அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும் வார்ஹாமர் பெட்டிகளின் (அதுதான், நாமே பெயிண்ட் அடித்து மேசையில் போர் விளையாடும் குட்டி வீரர் பொம்மைகள்) விலையைக் கேட்டுவிடுவார். அதனால் எழுதுகிறேன்.

வீடியோவில் எல்லாம் இருக்கிறது, சரி. ஆனால் "பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்களே, எந்தப் பால்? கோப்பிக்கடையில் ஊற்றும் கெட்டிப்பாலும் பால்தான். நான் போன வகுப்பில் ஆசிரியர் இதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. தூரிகையைப் பெயிண்டில் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றி, என் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு போட்டார். கோடு நகத்தின் ஓரத்துக்கு ஓடினால் தண்ணீர் அதிகம். தூரிகை முடியின் வரிகள் கோட்டில் தெரிந்தால் இன்னும் கெட்டி. போட்ட இடத்தில் வழவழவென்று நின்றால் அதுதான் பதம். ஒரு பூச்சில் நிறம் முழுதாக ஏறாது. காயவிட்டு இன்னொன்று பூச வேண்டும். மூன்று சென்டிமீட்டர் உயர வீரனின் மூக்கும் உதடும் மழுங்காமல் தெரிவது இப்படிப் பூசினால்தான்.

அப்புறம் கை. இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து வைக்கச் சொன்னார். கை நடுங்கினாலும் பொம்மையும் தூரிகையும் சேர்ந்தே நடுங்கும், கோடு கோணாது. நீ தேடித்தேடி வாங்கிய மூன்று சைபர் (000) நம்பர் பொடித் தூரிகையைத் தூக்கிப் போடு. அது பிடிக்கும் துளிப் பெயிண்ட் பொம்மையைத் தொடுவதற்குள் முனையிலேயே காய்ந்துவிடும். நுனி கூராக இருக்கும் ஒன்றாம் நம்பர் போதும், கண்ணைக்கூட வரையலாம். கண்ணை முதலில் முடித்துவிட்டு, பிசிறுகளைத் தோல் நிறத்தால் மூடிக்கொண்டே முகத்துக்கு வர வேண்டும். கருவிழியைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால், பேயைக் கண்டவன் மாதிரி முழிக்க மாட்டான்.

நான் கொடுத்த காசுக்குப் பலன் தெரிந்தது நம் சிங்கப்பூர்க் காற்றைப் பற்றி ஆசிரியர் பேசியபோதுதான். நீ பார்க்கும் வீடியோக்களில் பாதி இங்கிலாந்தில் எடுத்தவை. இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகல் நடுவில் 60 வரை இறங்கும். ஸ்ப்ரே அடிப்பதென்றால் அந்த நேரம் பார்த்து அடி. மழை விட்ட மாலையில், கடைசியாகப் பளபளப்பில்லாமல் பூசும் மேட் வார்னிஷை அடித்தால் கறுப்பு அங்கி முழுக்க வெள்ளை பூத்துவிடும். வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் அடித்து அடுத்த வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட, பெயிண்டுக்கு முன் அடிப்பூச்சாகப் போடும் பிரைமரைத் தூரிகையால் பூசுவதே மேல் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பெயிண்ட் காயாமலிருக்க அடியில் ஈரம் வைத்த கலவைத் தட்டையும் பெயிண்டோடு மூடி நாள்கணக்கில் விடாதே. நம் வெக்கைக்குப் பூஞ்சை பிடித்து நாறும்.

குறை இல்லாமல் இல்லை. தூரிகையில் பெயிண்டை ஏறக்குறைய துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் தேய்க்கும் ட்ரை பிரஷுக்கே பாதி நேரம் போனது. அதை நீ வீடியோவிலேயே பார்த்துக்கொள்ளலாம். கட்டணமும் உன் தேசிய சேவைப் படியில் கொஞ்சம் கடிக்கும். பாதியை நான் தருகிறேன், சித்தியிடம் சொல்லாதே.

அடுத்த வகுப்பு உன் விடுப்பு வாரத்தில்தான் வருகிறது. புதுசாக எதுவும் வாங்காதே, இருக்கிற வார்ஹாமர் பெட்டியில் ஒன்றைப் பிரித்து எடுத்து வா. தலைக்கவசம் போட்டவன் வேண்டாம். கண் வரையாமல் தப்பிக்கப் பார்ப்பாய், உன்னைத் தெரியாதா?

அன்புடன்,
அக்கா