அந்தப் பெயரை அடிக்கச் சொல்லாதீர்கள்: பிளஸ் டூ ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஒரு சிறிய ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். 2018-ல் பொறியியல் கவுன்சலிங் ஆன்லைனுக்கு மாறியதிலிருந்து, எங்கள் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குச் சாய்ஸ், அதாவது விரும்பும் கல்லூரி, பிரிவுகளின் பட்டியல், போட்டுக் கொடுக்கிறேன். என்னிடம் வருவதற்கு முன்பே அவர்கள் உங்களிடம் வந்துவிடுகிறார்கள். "எங்க சார் சொன்னாரு", "மிஸ் எழுதிக் குடுத்தாங்க" என்றுதான் நோட்டை நீட்டுகிறார்கள். வீட்டில் சொன்னால் எதிர்த்துப் பேசும் பிள்ளைகூட நீங்கள் சொன்னால் தட்டாது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

போன ஜூலையில் ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். கட் ஆஃப், அதாவது 200-க்கு அவள் மதிப்பெண், 178.5. கோடு போட்ட நோட்டில் ஒன்பது கல்லூரிகளின் கோட் நம்பரும் பிரிவும் அழகாக வரிசையாக எழுதியிருந்தன. அதற்கு மேலே இரண்டு பெயர்களை ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தாள். அதில் ஒன்று கோவையில் உள்ள ஓர் அரசுக் கல்லூரி. "இது ஏம்மா அடிச்சிருக்கு?" என்றேன். "போன வருஷம் அங்க கடைசி சீட்டு 181 கட் ஆஃப்ல மூடிருச்சாம். வீணா போட வேண்டாம்னு சார் சொன்னாரு" என்றாள். கடையில் கூட்டம். நானும் மேற்கொண்டு கேட்காமல் ஒன்பதையும் டைப் செய்து கொடுத்துவிட்டேன்.

அவளுக்கு முதல் சாய்ஸே கிடைத்தது. ஸ்வீட் வாங்கி வந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அவள் மட்டும் தனியாக வந்தாள். அவளைவிட ரேங்கில் பின்னால் இருந்த, அதே பிசி வகுப்பைச் சேர்ந்த தோழிக்கு, ஸ்கேல் வைத்து அடித்த அதே கல்லூரியில் அதே பிரிவு கிடைத்திருந்தது. "நான் போட்டிருந்தா எனக்குக் கிடைச்சிருக்கும்ல அண்ணா?" என்று கேட்டாள். கிடைத்திருக்கும். முதல் சாய்ஸே கிடைத்துவிட்டதால் அதற்கு மேலே போக வழியும் இல்லை. அன்றைக்கு அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்த ஆசிரியர் அவள் நல்லதுக்குத்தான் சொன்னார், அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. கடினமான கல்லூரியை எழுதினால் ஒரு வாய்ப்பு வீணாகும் என்று அவர் நினைத்திருக்கிறார். அப்படி எதுவும் வீணாவதில்லை.

முன்பு கவுன்சலிங்குக்கு அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மீதி என்று திரையில் ஓடிக்கொண்டிருக்கும். நம் முறை வரும்போது இருப்பதில் பிடித்ததை எடுத்துக்கொள்வோம். இப்போது நமக்குப் பதிலாகக் கணினி போய் உட்காருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளையின் ரேங்க் வந்ததும் அது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதல் சாய்ஸில் இடம் இல்லையா, இரண்டாவது. அதுவும் இல்லையா, மூன்றாவது. மேலே கிடைக்காத பத்துக் கல்லூரியை எழுதியிருந்தாலும் பதினொன்றாவதில் அவளுக்குரிய இடம் அப்படியேதான் இருக்கும். அவளுக்குப் பின்னால் நிற்பவர் அதைப் பறிக்க முடியாது. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆகவே பட்டியல் ஆசையின் வரிசையில் இருக்க வேண்டும். கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலை பட்டியலின் நீளத்தில்தான் தெரிய வேண்டும். மேலே ஆசைப்பட்டதை எழுதுங்கள், கீழே நிச்சயம் கிடைக்கக்கூடியதையும் தாராளமாகச் சேருங்கள்.

அப்புறம் அந்த 181. போன வருஷ மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு இந்தக் கல்லூரி கடினம், அது சுலபம் என்று ஒப்பிடுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று போடுகிற 200 இது. ஒரு வருஷம் கணிதத் தாள் எளிதாக வந்தால் எல்லோருக்கும் ஏறும். 2021-ல் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டிலிருந்து 30 என்று சேர்த்து மதிப்பெண் போட்டார்கள். அந்த வருஷக் கட் ஆஃபை இன்னும் பழைய ஜெராக்ஸில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மதிப்பெண்ணைப் பார்க்காமல் ரேங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். 200-லிருந்து 80 வரை அரை அரையாக இறங்கினால் 240 படிகள்தான். ரேங்க் லிஸ்டில் இரண்டு லட்சம் பேருக்கு மேல். சராசரியாக ஒரு படிக்கு எண்ணூறு பேருக்கு மேல். ஒரே கட் ஆஃபில் இருப்பவர்களை முதலில் கணித மதிப்பெண்ணை வைத்தும், பிறகு இயற்பியலை வைத்தும் பிரிக்கிறார்கள். அப்படியென்றால் 178.5 என்ற எண் ஒரு பிள்ளை வரிசையில் எங்கே நிற்கிறாள் என்று சரியாகச் சொல்வதே இல்லை. ரேங்க் சொல்லும். போன இரண்டு மூன்று வருஷங்களில் அந்தப் பிரிவு எந்த ரேங்கில் முடிந்தது என்று பார்த்தால் ஓரளவு நம்பலாம்.

அதையும் பட்டியலில் பிள்ளையின் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்குரிய கட்டத்தில் பார்க்க வேண்டும். 69 சதவீத இட ஒதுக்கீடு உள்ள மாநிலத்தில் ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி என்று ஒவ்வொன்றுக்கும் முடிவு ரேங்க் வேறு. மீதி 31 சதவீதப் பொது இடங்களுக்கு எல்லா வகுப்பினரும் போட்டியிடலாம் என்பதால் ஓசி கட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் இன்னும் அழுத்திக் கேட்கிறேன்: ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதற்குத் தனி ரேங்க். கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பொதுப் பட்டியலைப் பார்த்துவிட்டு "கிண்டி இன்ஜினியரிங் காலேஜெல்லாம் நமக்கு எங்கே" என்று சொல்லும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். அவர்கள் பார்த்தது அவர்களுக்கான கணக்கே இல்லை.

சில கல்லூரிகளில் ஒரே பிரிவு இரண்டு இடத்தில் இருக்கும், ஒன்றின் பின்னால் எஸ்.எஸ். என்று போட்டிருக்கும். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். சொல்லிவிடுங்கள்.

கடைசி ரேங்க் முன்னால் முடிந்தால் நல்ல கல்லூரி, பின்னால் முடிந்தால் மோசம் என்ற எண்ணமும் நம் எல்லோரிடமும் இருக்கிறது. ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலில் நிரம்பும், சிவில் கடைசி வரை இருக்கும். அதற்காக சிவில் ஆசிரியர்கள் மட்டம் என்று ஆகிவிடாது. 2024-ல் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ மாணவர் எண்ணிக்கைக்கான உச்ச வரம்பை எடுத்ததும் பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் பிரிவுகளில் இடங்களைக் கூட்டின. இடம் கூடினால் கடைசி ரேங்க் பின்னால் போகத்தான் செய்யும், பாடம் நடத்துவதில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும். தனியார் கல்லூரி கவுன்சலிங்குக்குக் கொடுப்பது 65 சதவீத இடங்கள், சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50. மீதி இடங்களில் யார் எந்த மதிப்பெண்ணில் சேர்ந்தார்கள் என்று இந்தப் பட்டியலில் எங்கேயும் வராது. எந்தக் கதவு எவ்வளவு நெருக்கம் என்பதை மட்டும்தான் கட் ஆஃப் காட்டுகிறது. உள்ளே எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை இதோடு ஒப்பிட முடியாது. அங்கே குறிப்பிட்ட அந்தப் பிரிவுக்கு, தரத்தைப் பார்த்துக் கொடுக்கும் என்பிஏ அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் நல்லது, உங்களிடம் படித்துவிட்டுப் போன பழைய மாணவருக்கு ஒரு போன்.

நான் கேட்பது அதிகமில்லை. ரேங்க் லிஸ்ட் வந்ததும் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு வகுப்பறை, இரண்டு மணி நேரம். பிள்ளைகள் நோட்டோடு வரட்டும், பெற்றோரும் வரட்டும். முடிவு ரேங்குகளை மூன்று வருஷத்துக்கும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன், காசு வேண்டாம். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும், உங்கள் வாயால் சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள். அன்றைக்கு யாராவது ஒரு பெயரை ஸ்கேல் வைத்து அடித்துக்கொண்டு வந்தால், அதை மறுபடி முதல் வரியில் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
பஸ் ஸ்டாண்டு எதிரே பிரவுசிங் சென்டர் நடத்தும் உங்கள் பழைய மாணவன்