ஆண்ட்ரூ மினார்ஸ்கிக்கு

அன்புள்ள ஆண்ட்ரூ,

1944 ஜூன் 12 இரவு, இங்கிலாந்தின் மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் விமானதளத்தில் புறப்படக் காத்திருந்த நேரத்தில், புல்தரையில் நாலு இலை க்ளோவர் ஒன்று உனக்குக் கிடைத்தது. அதிர்ஷ்டம் தரும் என்று உங்கள் பக்கத்தில் நம்புவார்கள். அதை நீ வைத்துக்கொள்ளவில்லை, உன் குழுவில் இருந்த நண்பர் பாட் பிராஃபியிடம் கொடுத்துவிட்டாய். உன்னைப் பற்றி எப்போது படித்தாலும் அந்தப் புல்தரையைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

கனடாவில் வினிபெக் ஊர். போலந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். உனக்குப் பதினாறு வயதாகும்போது அப்பா இறந்துபோனார், தோல் வெட்டும் வேலைக்குப் போய் வீட்டுக்குக் கைகொடுத்தாய். 1941இல் விமானப்படை. அப்புறம் 419ஆவது படைப்பிரிவு, லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் கொண்ட ஒரு குழு, அதில் முதுகுப்பக்கக் கூண்டில் துப்பாக்கியோடு நீ, வால் கூண்டில் பாட்.

நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது. ஜெர்மன் படைக்கு ஆளும் ஆயுதமும் போய்ச் சேராமல் தடுக்க பிரான்சின் ரயில் பாதைகளை உடைக்க வேண்டியிருந்தது, உங்களுக்கு அன்று சொன்ன இடம் கம்ப்ரே ரயில் யார்டு. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேச நாட்டுக் குண்டுகளால் அந்தப் போரில் பிரான்சிலேயே பல்லாயிரம் பொதுமக்கள் செத்தார்கள். அதை மறந்துவிட்டு உன்னைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை, அதற்காக உன்னை மறக்கவும் வரவில்லை.

நள்ளிரவு தாண்டி ஒரு ஜெர்மன் போர் விமானம் சுட்டதில் இடதுபக்க எஞ்சின் இரண்டும் போயின. வால் கூண்டு திரும்புவதற்கான ஹைட்ராலிக் விசை அந்தப் பக்க எஞ்சினிலிருந்து வருவது. எஞ்சின் நின்றதும் கூண்டு அப்படியே இறுகிவிட்டது. கையால் திருப்பும் அமைப்பை பாட் முறுக்கிப் பார்க்க, அதுவும் உடைந்துபோனது. விமானி எல்லோரையும் குதிக்கச் சொல்லிவிட்டார். நீ இறங்கி வெளியேறும் கதவுக்கு வந்துவிட்டாய், ஆண்ட்ரூ. ஓர் எட்டு வைத்தால் வெளியே. அப்போதுதான் பாட் சிக்கிக்கொண்டதைப் பார்த்தாய்.

எரிகிற எண்ணெய்க்குள் புகுந்து போனாய். கோடாலியால் வெட்டிப் பார்த்தாய், அப்புறம் வெறும் கையால் இழுத்துப் பார்த்தாய், இடுப்பு வரை உடுப்பும் பாராசூட்டும் பற்றிக்கொண்டன, கூண்டு அசையவில்லை. போய்விடு, போய்விடு என்று பாட் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், முதுகைக் காட்ட மனமில்லாமல் பின்னோக்கியே தவழ்ந்து கதவுக்கு வந்து, எரிகிற உடுப்போடு நிமிர்ந்து நின்று அவருக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தாய். உனக்கு முன்பே அதிகாரியானவர் என்பதால் இரவில் பிரியும்போது அவரை 'குட் நைட், சார்' என்று கேலி செய்வாயாம். அன்றும் உன் வாய் அசைந்ததைப் பார்த்ததாகவும், அதைத்தான் சொல்லியிருப்பாய் என்றும் பாட் பின்னால் சொன்னார்.

நெருப்பு இறங்கி வருவதுபோல் நீ வந்ததை கீழே இருந்த பிரெஞ்சு மக்கள் பார்த்தார்கள். கண்டெடுத்தபோது உயிர் இருந்தது, தீக்காயம் விடவில்லை. வயது 27.

பாட் பிழைத்துக்கொண்டார். குண்டுகள் உள்ளே இருக்க, விமானம் தரையில் மோதியபோது மரத்தில் இடித்துச் சுழன்று, நீ திறக்கப் போராடிய அதே கூண்டிலிருந்து அவரை வெளியே தூக்கி எறிந்தது. அந்த நாட்டு மக்களே அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். உங்கள் ஏழு பேரில் செத்தது நீ மட்டும்தான்.

இதை எப்படிச் சொல்வது என்று பல நாள் தடுமாறியிருக்கிறேன். கதவிலிருந்து நேராகக் குதித்திருந்தால் நீயும் பிழைத்திருக்கலாம், நீ போகாவிட்டாலும் பாட் பிழைத்திருப்பார். கணக்குப் போட்டால் நீ போனது வீண். ஆனால் அந்தக் கூண்டுக்குள் இருந்தவருக்கு அந்தக் கணக்கு தெரியாதே. தான் சாகப் போகிறோம் என்று உறுதியாக நம்பிய அந்தச் சில நிமிடங்களில், தன்னை விட்டுவிட்டுப் போக மறுக்கிற ஒருவனை அவர் கண்ணெதிரே பார்த்தார். எனக்கு அது வீணாகத் தெரியவில்லை, எத்தனை தடவை யோசித்தாலும்.

பாட் ஊர் திரும்பி வாய் திறந்ததால்தான் இது வெளியே தெரிந்தது, 1946 அக்டோபரில் வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் பதக்கமான விக்டோரியா கிராஸ் உன் பெயருக்கு வந்தது. அவரும் அங்கேயே முடிந்திருந்தால் நீ ஒரு எண்ணாக மட்டும் இருந்திருப்பாய். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் செத்தவர்கள் 55,573 பேர். விமானத்தோடு மொத்தமாக அழிந்த குழுக்களில் யார் யாருக்காகத் திரும்பி ஓடினார்கள் என்று சொல்ல ஆளே மிஞ்சவில்லை. உன்னை நினைக்கும்போது அவர்களையும் சேர்த்துத்தான் நினைக்கிறேன்.

இப்போது நீ பிரான்சின் மெஹாரிகூர் கிராமத்து இடுகாட்டில் இருக்கிறாய். கனடாவின் ஹாமில்டனில், இன்னும் பறக்கிற ஒரு லங்காஸ்டருக்கு உங்கள் விமானத்தின் அடையாள எழுத்துகளையே தீட்டி வைத்திருக்கிறார்கள். என்றாவது அங்கே போக வாய்த்தால் எஞ்சினையோ இறக்கையையோ பார்க்க எனக்கு அவசரம் இல்லை. பின்கதவருகே நின்று, அங்கிருந்து வால் கூண்டு எத்தனை தூரம் என்று பார்க்க வேண்டும்.