தாவித்தின் பயிற்சித் தாள்களையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பிரெஞ்சு ஓவியர் ழாக் லூயி தாவித் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஹொராஷியஸ் சகோதரர்களின் சபதம்' படத்தை அரைப் பக்கத்துக்குப் பெரிதாகப் போட்டதற்கு நன்றி. ஆனால் ரோமில் இருந்தபோது அவர் வரைந்து குவித்த பயிற்சி ஓவியங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஏதோ பிறவி மேதை ஒருவர் திடீரென்று 1784-ல் தூரிகையை எடுத்து அந்தப் படத்தைப் போட்டுவிட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை.

ரோமில் தங்கிக் கலை பயில இளம் பிரெஞ்சுக் கலைஞர்களுக்குத் தந்த ரோம் பரிசுக்குத் திரும்பத் திரும்பப் போட்டியிட்டுத் தோற்று, 1774-ல்தான் ஜெயித்தார். மறுவருடம் ரோமுக்குக் கிளம்பும்போது, பழங்காலச் சிற்பங்கள் என்னை மயக்காது, அவற்றில் துடிப்பே இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். போன இடத்தில் 1780 வரை என்ன செய்தார் தெரியுமா? ரோமானியப் பேரரசர் டிராஜனின் வெற்றித் தூண், கல் சவப்பெட்டிகளின் புடைப்புச் சிற்பங்கள், சிலைத் தலைகள், ஆடை மடிப்புகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கருஞ்சுண்ணத்தில் கோடு போட்டு, மேலே பேனா மையும் சாம்பல் நிற வண்ணக் கரைசலும் கொடுத்து, நூற்றுக்கணக்கில் வரைந்தார்.

அதில் ஒரு தாளைப் பற்றி அவருடைய மாணவர் தெலெக்லூஸ் எழுதி வைத்திருக்கிறார். பழைய சிலைத் தலை ஒன்றை அப்படியே பார்த்து, சிரமப்பட்டு வரைந்திருக்கிறார் தாவித், பிறகு வீட்டுக்கு வந்து அதன் பக்கத்திலேயே அதே தலையைப் புருவத்தைக் கொஞ்சம் சுருக்கி, கன்ன எலும்பைத் தூக்கி, வாயை லேசாகத் திறந்து இன்னொரு தடவை போட்டிருக்கிறார். நவீன மசாலா சேர்ப்பது என்று அப்போது அதற்குப் பெயர் வைத்திருந்தாராம். 1807-ல் மாணவரிடம் அதைக் காட்டியபோது, அன்று உணர்ச்சி என்று நினைத்தேன், இன்று முகக் கோணல் என்கிறேன் என்றாராம். ஓவியம் கற்றுக்கொடுக்கிற எனக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. ஒரு கலைஞனின் மனம் மாறுவது காகிதத்திலேயே தெரிகிறது! அந்த மாற்றம் நடந்ததால்தான் சபதப் படத்தில் மூன்று சகோதரர்களும் கையை நீட்டி அப்படி விறைப்பாக, அலட்டல் இல்லாமல் நிற்கிறார்கள்.

தாவித் இந்தத் தாள்களைக் கடைசிவரை ஆல்பங்களாக ஒட்டிப் பத்திரப்படுத்தியிருந்தார். 1825-ல் அவர் இறந்த பிறகு மகன்கள் அவற்றைப் பிரித்துப் பன்னிரண்டாக்கி, தாள்களில் தங்கள் முதலெழுத்துகளைப் போட்டு ஏலத்துக்கு விட்டார்கள். இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்திலும் லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி கலை மையத்திலும் இன்னும் பல ஊர்களிலும் சிதறிக் கிடக்கின்றன. எனக்கு அதில் வருத்தம்தான், இருந்தாலும் அழியாமல் தப்பித்ததே என்று ஆறுதல்.

லூவ்ரும் கெட்டியும் தங்களிடம் உள்ளதை இணையத்திலேயே வைத்திருக்கின்றன. இனி இப்படி ஓர் ஓவியரைப் பற்றி எழுதும்போது, முடித்த படத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பயிற்சித் தாள்களையும் போடுங்கள், கோடு தெரிகிற அளவில், தபால்தலை சைஸில் வேண்டாம். என் மாணவர்களுக்கு வெட்டி ஒட்டிக் காட்ட அதுதான் தேவை.

அன்புடன்,
ஓவிய ஆசிரியை, தஞ்சாவூர்