சுகததாச அரங்கைப் புதுப்பிக்க எண்ணுவோருக்கு, மரக்கானாவை முன்வைத்து ஒரு திறந்த மடல்

விளையாட்டுத்துறை அமைச்சின் அதிகாரிகளுக்கும், இலங்கைக் கால்பந்தாட்டச் சம்மேளனத்தின் நிருவாகிகளுக்கும், கொழும்பு மாநகர சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சுகததாச விளையாட்டரங்கைப் புதுப்பிப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ‘உலகத் தரம்’ என்ற சொல்லும் கூடவே எழுகிறது. உலகத் தரத்துக்கு உதாரணம் கேட்டால், கால்பந்தாட்டம் தெரிந்த எவரும் முதலில் சொல்லும் சில பெயர்களுள் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா ஒன்று. அந்த அரங்கின் மீது எனக்கும் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அதன் புதிய கூரையின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாமும் அப்படியொன்றைக் கட்டுவோம் என்று புறப்படுவதற்கு முன், அது எத்தனை முறை எப்படியெல்லாம் புதுப்பிக்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் யார் வெளியே தள்ளப்பட்டார்கள் என்ற வரலாற்றையும் நீங்கள் முழுமையாக வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1950ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்தை நடத்துவதற்காக, பழைய குதிரைப் பந்தயத் திடல் ஒன்றின் மேல், 1948 ஆகஸ்டில் அதன் கட்டுமானம் தொடங்கியது. (குதிரைகள் ஓடிய மண்ணில் பின்னாளில் பந்து உருள்வது நமக்கும் புதிதல்ல, 1942இல் போர் விமானங்கள் இறங்கி ஏறிய நமது ரேஸ் கோர்ஸ் திடலில் இப்போது சர்வதேச ஆட்டங்கள் நடைபெறுகின்றன.) அரங்கை எங்கே அமைப்பது என்பதில் அன்றே கடும் வாக்குவாதம் நடந்தது. நகரிலிருந்து வெகு தொலைவிலுள்ள ஜக்கரேபகுவாவுக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்று அரசியல்வாதி கார்லோஸ் லசெர்டா வாதாட, தொழிலாளர் ரயிலேறி வந்து சேரக்கூடிய நகருக்குள்ளேயே அது அமைய வேண்டும் என்று விளையாட்டுப் பத்திரிகையாளர் மாரியோ ஃபில்யோ தொடர்ந்து எழுதினார். ஃபில்யோவே வென்றார். 1966இல் அவர் மறைந்த பின் அரங்குக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

1950 ஜூலை 16இல் அங்கே நடந்தது உலகறிந்த கதை. சமநிலை கிடைத்தாலே கிண்ணம் கைக்கு வந்துவிடும் என்ற நிலையில் பிரேசில் முதல் கோலை அடித்தது. பின்னர் ஸ்கியாஃபினோவும் கிஜ்ஜியாவும் அடித்த கோல்களால் உருகுவே 2–1 என்று வென்றது. அன்று அரங்கில் நிலவிய மௌனத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். என் கவனம் வேறோர் இடத்தில் நிற்கிறது. அந்த ஆட்டத்துக்குப் பணம் கொடுத்து நுழைந்தோர் மட்டும் 173,850 பேர் என்பது பதிவு. உண்மையில் இரண்டு இலட்சத்தை நெருங்கியது என்பது பொதுவான கணிப்பு. அந்தக் கூட்டத்தில் கணிசமான பகுதி, ஆடுகளத்தைச் சுற்றி வளையமாக அமைந்திருந்த ‘ஜெரல்’ என்னும் தாழ்வான தளத்தில் நின்றுகொண்டிருந்தது. இருக்கையும் இல்லை, கூரையும் இல்லை. ஆட்டக்காரரின் கால்கள்தான் கண்ணுக்கு நேராகத் தெரியும். மழை பெய்தால் நனைய வேண்டும். என்றாலும் அரங்கிலேயே மிகக் குறைந்த விலைச் சீட்டு அதற்குத்தான். கொத்தனாரும் வேலை தேடி அலைபவரும் சிறுவரும் வேடமிட்டு வரும் கோமாளி இரசிகரும் அங்கேதான் நின்றார்கள். 1969 நவம்பர் 19இல் பெலே தமது ஆயிரமாவது கோலைத் தண்ட உதையில் அடித்தபோதும் அவர்கள் அங்கே இருந்தார்கள்.

அதை அழகுபடுத்திப் பேசுவது என் நோக்கமல்ல. 1992 ஜூலையில் ரியோவின் கழகங்களான ஃபிளமெங்கோவும் பொட்டாஃபோகோவும் மோதிய இறுதியாட்டத்தின்போது மேல் அடுக்கின் கைப்பிடித் தடுப்பு உடைந்து இரசிகர்கள் கீழே விழுந்தார்கள். மூவர் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர். அதன் பின் திருத்தங்கள் தேவைப்பட்டன என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் விபத்து நடந்தது மேல் அடுக்கில். இறுதியில், 2005இல், ஒரேயடியாக மூடப்பட்டதோ கீழேயிருந்த ஜெரல். எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்ற சர்வதேச விதிக்கு இணங்க அந்த இடம் மறைந்தது. அங்கே நின்றவர்களுக்கு அதே விலையில் ஓர் இருக்கை தர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

அடுத்து வந்தது 2010 முதல் 2013 வரையிலான பெரும் புனரமைப்பு. தேசிய மரபுரிமையாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் வெளித்தோற்றத்தை மட்டும் விட்டுவைத்து, உட்புறத்தை ஏறத்தாழ முழுவதுமாக இடித்தார்கள். பழைய கொங்கிரீட் கூரை தகர்க்கப்பட்டு, கம்பிவடங்களில் இழுத்துக் கட்டிய மெல்லிய விரிப்புக் கூரை வந்தது. இரண்டு அடுக்குகளும் ஒன்றாக்கப்பட்டன. கொள்ளளவு ஏறக்குறைய 78,000 ஆகச் சுருங்கியது. செலவு நூறு கோடி பிரேசில் ரியாலைத் தாண்டியது. அப்போது மாநில ஆளுநராக இருந்த செர்ஜியோ கப்ரால் 2016இல் கைதானபோது, இந்த வேலைகளில் கையூட்டுப் பெற்றார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டுகளுள் ஒன்று.

நம்மை நேரடியாகத் தொட வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. மரக்கானாவுக்கு அருகில் செலியோ டி பாரோஸ் என்னும் மெய்வல்லுநர் மைதானமும், ஒரு நீச்சல் தடாகமும், ஓர் அரசுப் பள்ளியும், பழைய பழங்குடியினர் அருங்காட்சியகக் கட்டடமும் இருந்தன. வாகனத் தரிப்பிடத்துக்கும் வணிக வளாகத்துக்குமாக இவற்றை இடிப்பதாகத் திட்டம் இருந்தது. 2013இல் மக்கள் தெருவில் இறங்கிய பின்னரே ஆளுநர் பின்வாங்கினார். கட்டடங்கள் தப்பின; ஆனால் அதற்குள் மெய்வல்லுநர் ஓடுபாதை மூடப்பட்டு, வேலைத்தளப் பொருள்களும் வாகனங்களும் நிறுத்தும் இடமாகிவிட்டது. நாட்டுக்காக ஓடியவர்கள் பயிற்சிக்கு இடம் தேடி அலைய வேண்டியதாயிற்று. சுகததாச அரங்கு கால்பந்தாட்டத்துக்கு மட்டும் உரியதன்று, நமது மெய்வல்லுநர்களின் முதன்மையான ஓடுபாதையும் அதுவே என்பதை நினைவில் வைத்து இந்தப் பகுதியை இன்னொரு முறை வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

இவ்வளவு செலவழித்த அரங்கில் 2014 உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. 2016 ஒலிம்பிக்கின் தொடக்க விழாவும் நடந்தது. அது முடிந்து சில மாதங்களே கடந்த நிலையில், 2017 ஜனவரியில், புல் கருகி, இருக்கைகள் பெயர்ந்து, கட்டணம் செலுத்தாததால் மின்சாரமும் துண்டிக்கப்பட்ட நிலையில் மரக்கானா கைவிடப்பட்டுக் கிடந்தது. நடத்தும் நிறுவனக் கூட்டு ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவைக் கைகாட்ட, அது இதைக் கைகாட்ட, பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்றே தீராத நிலை. தொலைக்காட்சிப் பெட்டிகளோடு சேர்த்து மாரியோ ஃபில்யோவின் வெண்கல மார்பளவுச் சிலையையும் திருடர்கள் எடுத்துச் சென்றார்கள். 2019இல் ஃபிளமெங்கோ, ஃபுளுமினென்சே என்னும் உள்ளூர்க் கழகங்கள் இரண்டும் நிருவாகத்தை ஏற்ற பிறகே அரங்கு மறுபடி ஒழுங்காக இயங்கத் தொடங்கியது. நாள்தோறும் பயன்படுத்துபவரிடம் பொறுப்பைக் கொடுத்ததால் கிடைத்த பலன் அது என்பது என் கருத்து.

இனி நமது அரங்குக்கு வருகிறேன். கொழும்பு மாநகர முதல்வராகவும் பின்னர் அமைச்சராகவும் இருந்த வி.ஏ. சுகததாசவின் பெயரைத் தாங்கி நிற்கும் இதற்கு மரக்கானாவின் புகழ் இல்லைதான். ஆயினும் 1991இலும் 2006இலும் தெற்காசிய விளையாட்டு விழாக்கள் இங்கே நடந்தன. 1995இல், போர்நிறுத்தம் நிலவிய அந்தச் சில மாதங்களுக்குள், இலங்கை அணி இறுதியாட்டத்தில் இந்தியாவை 1–0 என்று வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை எடுத்தது இங்கேதான். அந்தப் போட்டித் தொடரில் நமக்குக் கிடைத்த ஒரே கிண்ணம் அது. 2008இல் மாலைதீவு இந்தியாவை வென்று அதே கிண்ணத்தைத் தூக்கியதும் இங்கேதான். 2015 மார்ச்சில், உலகத் தரவரிசையின் கடைசி இடத்திலிருந்த பூட்டான், உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் நம்மை 1–0 என்று தோற்கடித்ததையும் இந்த அரங்கு கண்டது. தோல்வியும் வரலாறுதான், ஆகவே அதை மறைக்க நான் விரும்பவில்லை.

அரங்கைச் சுற்றியிருக்கும் கொட்டாஞ்சேனை, புளூமெண்டல், கிராண்ட்பாஸ் பகுதிகளில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். ரட்னம், சாண்டர்ஸ், ரினோன், ஜாவா லேன் போன்ற கழகங்களைத் தலைமுறைகளாகத் தாங்கி வந்தவர்கள் இவர்களும் இவர்களைப் போன்ற கொழும்புவாசிகளுமே. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும் செட்டியார் தெருக் கடையில் நிற்பவரும் வேலை முடிந்து நடந்தே வரக்கூடிய தூரத்தில் ஒரு தேசிய அரங்கு இருப்பது இந்த நகருக்குக் கிடைத்த வாய்ப்பு. அரங்கைப் புதுப்பித்த பின் அவர்கள் உள்ளே வரமுடியாத விலையில் சீட்டு விற்கப்படுமாயின், ரியோவில் 2005இல் நடந்தது இங்கும் நடந்ததாகவே பொருள்.

எனவே, எத்தனை இருக்கை, எந்த வகைக் கூரை என்பதைத் தீர்மானிக்கும் முன், லீக் ஆட்டங்களுக்கு ஒரு பகுதி அரங்கு நிரந்தரமாகக் குறைந்த விலையில் ஒதுக்கப்படும் என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். கைப்பிடித் தடுப்புகள், அவசர வாயில்கள், பெண்களுக்கான கழிப்பறைகள், மழைநீர் வடிகால் ஆகியவற்றுக்கே முதலில் பணம் போகட்டும். தென்மேற்குப் பருவமழையில் ஆடுகளம் குளமாகும் நகரில் நல்ல வடிகால் எந்த அலங்காரக் கூரையையும்விடப் பெறுமதியானது. கேள்விப்பத்திரம் கோரும்போதே, வேலை முடிந்த பின் வரும் ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவை யார், எந்த நிதியிலிருந்து கொடுப்பார்கள் என்பதையும் வெளியிடுங்கள். வேலை நடக்கும் காலத்தில் மெய்வல்லுநர்களும் பாடசாலை அணிகளும் எங்கே பயிற்சி பெறுவார்கள் என்பதற்கான விடை, முதல் கல் பெயர்க்கப்படும் முன்பே கையில் இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் ஃபிபா நம்மை இடைநிறுத்தி, ஆகஸ்டில்தான் தடையை நீக்கியது. நிருவாகம் சீராக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல அரங்கும் வெறுமையாகவே கிடக்கும் என்பதைச் சம்மேளனத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறிவிப்புகளும் பலகைகளும் தமிழிலும் பிழையின்றி இருக்கட்டும் என்பது இவற்றோடு ஒரு சிறு வேண்டுகோள்.

வரைபடத்தையும் செலவு மதிப்பீட்டையும் மூன்று மொழிகளிலும் பொதுப் பார்வைக்கு வைத்து, கருத்துச் சொல்ல மக்களுக்குப் போதிய கால அவகாசம் கொடுங்கள். ரியோவில் மக்கள் குரல் கேட்கப்பட்டது இடிப்பு தொடங்கிய பின்னர். இங்கே அதற்கு முன்னரே கேட்க உங்களால் முடியும். கூட்டத்தை அமைச்சின் மண்டபத்தில் வைக்காமல் கொட்டாஞ்சேனையிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து மக்கள் வீடு திரும்பிய பின் வையுங்கள். கேள்விகளோடு நாங்கள் வந்து சேருவோம்.

இப்படிக்கு,
கொழும்பு 13இலிருந்து ஒரு கால்பந்தாட்ட இரசிகன்